யானைக்குக் கரும்புக் கணக்கு

மைலேஜைப் பற்றி விசாரிக்கும்போது நாம் பயன்படுத்தும் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? "எவ்வளவு கொடுக்குது?" மாடு பால் கொடுக்கிறது, மரம் காய் கொடுக்கிறது, வண்டி மைலேஜ் கொடுக்கிறது. கொடுப்பது அதன் குணம். கொடுக்காவிட்டால் குறை மாட்டினுடையது, அல்லது மாட்டை நம் தலையில் கட்டியவனுடையது. இந்த வாக்கியத்தில் ஓட்டுகிறவனுக்கு இடமே கிடையாது. அவன் கையேந்திக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க எனக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது. அது நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகிற வண்டி இல்லை. அமெரிக்காவில், குறிப்பாக டெக்ஸாஸில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் பெரிய பிக்கப் டிரக். நீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை இரண்டேகால் டன்னிலிருந்து இரண்டரை டன் வரை. மூன்று மாருதி ஆல்டோக்களைச் சேர்த்துக் கட்டினால் வருகிற எடை. முன்னால் ஐந்து பேர் சொகுசாக உட்காரலாம், பின்னால் ஒரு திறந்த தொட்டி. அந்தத் தொட்டி பெரும்பாலான நாட்களில் காற்றைத்தான் சுமக்கிறது.

டல்லாஸுக்கு வடக்கே வசிக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் இப்படி ஒன்றை வாங்கினான். 'மைல்ட் ஹைப்ரிட்' என்று விற்கப்பட்ட வண்டி. கண்ணாடியில் ஒட்டியிருந்த அரசாங்கத் தாளில் கேலனுக்கு 21 மைல் என்று போட்டிருந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்குப் பக்கம். மூன்று மாதம் ஓட்டிய பிறகு டாஷ்போர்டு காட்டியது 16. அதாவது லிட்டருக்கு 7 கூட இல்லை. "ஏமாத்திட்டானுங்க மச்சான்" என்றான். "ஹைப்ரிட்னு நம்பித்தான்டா வாங்கினேன். இத எப்படி ஏத்துறது?"

எங்கள் வாட்ஸாப் குழுவில் இதைப் போட்டதும் வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ஒருவன் எழுதினான்: "யானைய வாங்கிட்டு கரும்புக்குக் கணக்குப் பாக்குறான்." எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நல்ல வாக்கியம்தான். ஆனால் இதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரிய முடிவில் தவறியவனுக்குச் சின்ன விஷயங்களில் ஒழுங்காக இருக்கும் தகுதி கிடையாது என்கிற தீர்ப்பு அது. ஊதாரியாக முடிவெடுத்தாயிற்று, இனிமேல் சிக்கனம் பேசினால் அது வேஷம். பிக்கப்பில் மட்டுமில்லை, மாமிசம் சாப்பிடுகிறவன் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கவலைப்பட்டாலும், விமானத்தில் பறக்கிறவன் விளக்கை அணைத்தாலும் இதே சிரிப்புதான் வருகிறது. யானைக்காரன் கரும்புக் கணக்குப் பார்க்கலாமா, கூடாதா?

இதற்குள் போவதற்கு முன்னால் வண்டிக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

ஹைப்ரிட் என்றதும் நம் மனதில் வருவது டொயோட்டா பிரியஸ் மாதிரியான வண்டி. பேட்டரியில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடும், பெட்ரோல் இன்ஜினும் மோட்டாரும் மாறி மாறித் தோள் கொடுக்கும். மைல்ட் ஹைப்ரிட் அதற்குத் தம்பி முறைகூட இல்லை, தூரத்துச் சொந்தம். சாதாரண வண்டியில் இன்ஜினோடு பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டர் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும் அல்லவா, அதை எடுத்துவிட்டு 48 வோல்ட்டில் இயங்கும் கொஞ்சம் பலமான மோட்டார் ஒன்றை வைக்கிறார்கள். அது மின்சாரம் தயாரிக்கவும் செய்யும், தேவைப்பட்டால் இன்ஜினைத் தள்ளிவிடவும் செய்யும். சிக்னலில் இன்ஜின் அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சத்தமில்லாமல் உயிர்பெறும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். இந்த மோட்டார் மட்டுமே வண்டியை ஓட்டிச் செல்லாது.

அந்த 'கொஞ்சம்' எவ்வளவு? இந்த வகை பிக்கப்பில் பேட்டரியின் கொள்ளளவு அரை கிலோவாட்-மணிக்கும் குறைவு. ஒரு கேலன் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 33.7 கிலோவாட்-மணி சக்தி இருக்கிறது. வகுத்துப் பாருங்கள். அந்த பேட்டரி வழிய வழிய நிரம்பியிருந்தாலும் அதில் இருப்பது சுமார் 50 மில்லி பெட்ரோலின் சக்தி. மோட்டார் அதை அதிகம் வீணாக்காது, இன்ஜினோ பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடும். அதனால் அதன் மதிப்பை மூன்று மடங்காக வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு டம்ளர். அந்தத் தம்மாத்துண்டு டம்ளரை நிரப்பி, காலிசெய்து, மறுபடி நிரப்பித்தான் இந்த அமைப்பு மிச்சம் பிடிக்க வேண்டும்.

டம்ளரைவிடப் பெரிய சிக்கல் அதன் வாய். 2,400 கிலோ வண்டி மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 325 வாட்-மணி. பேட்டரிக்குள் அடங்கக்கூடிய அளவுதான். ஆனால் சிவப்பு விளக்கைக் கடைசி நொடியில் பார்த்துப் பன்னிரண்டு விநாடியில் நிறுத்தினால், அந்த ஆற்றல் வண்டியைவிட்டு வெளியேறும் வேகம் சராசரியாக 100 கிலோவாட். பெல்ட்டில் சுற்றும் மோட்டாரால் வாங்கிக்கொள்ள முடிவது பத்துப் பன்னிரண்டு கிலோவாட். பத்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது, மீதி பிரேக் டிஸ்க்கைச் சூடாக்கிவிட்டுக் காற்றில் கலக்கிறது. குதிருக்கு வாய் சின்னது. மூட்டையைத் தூக்கிக் கவிழ்த்தால் தரையில்தான் கொட்டும், முறத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். தூரத்திலேயே சிக்னலைப் பார்த்து, காலை எடுத்து, வண்டியைத் தானாகத் தளரவிட்டு, மென்மையாகப் பிரேக்கைத் தொடுகிறவனுக்கே இந்த இயந்திரம் உதவும். அவசரக்காரன் கையில் அது கூடுதல் எடைதான்.

எனக்கு இது வியப்பாக இருந்தது. பொறுமைக்குப் பதிலாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஆட்கள் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்குகிறார்கள். உள்ளே திறந்து பார்த்தால் அது பொறுமையைத்தான் முன்நிபந்தனையாகக் கேட்கிறது. 'ஹைப்ரிட்' என்கிற எழுத்து பரிகாரம் மாதிரி வேலை செய்கிறது என்றும் தோன்றியது. எள் தீபம் போட்டாயிற்று, இனி சனி பார்த்துக்கொள்வார்.

அப்படியானால் 21 என்பது பொய்யா? இல்லை. அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கோபம் வேறு திசைக்குப் போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நகரச் சோதனையில் வண்டி உருளைகள் மேல் நின்றபடி 11 மைல் ஓடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 21 மைல், உச்ச வேகம் 56, நடுவில் 23 முறை நிற்கிறது. நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி 48 மைல், உச்சம் 60. நிஜ உலகத்தோடு இது ஒட்டவில்லை என்று பலரும் சொன்ன பிறகு, 2008 மாடல்களிலிருந்து 80 மைல் வேகம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்து, குறைத்து, சராசரி போட்டு வருவதுதான் தாளில் இருக்கும் எண்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. பெஞ்ச்மார்க்கில் பறக்கும் நிரல், நிஜப் பயனர்கள் வந்ததும் தவழும். பெஞ்ச்மார்க் பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி வேறு. நின்று நின்று போகும் சோதனையில் மைல்ட் ஹைப்ரிட்டுக்கு அத்தனை நிறுத்தமும் லாபம். என் நண்பனோ வீட்டிலிருந்து அலுவலகம் வரை 34 மைல் டோல் சாலையில் 78-இல் போகிறவன். நிற்கவே நிற்காத சாலையில், பிரேக்கையே தொடாத பயணத்தில், அந்த 48 வோல்ட் மோட்டாருக்குச் செய்ய வேலையே இல்லை. எல்லோருடைய சராசரியையும் அவன் தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்காக எடுத்துக்கொண்டான். தாளில் பெரிய எழுத்தில் ஒரே எண்ணைப் போட்டால் யாருமே அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. சின்ன எழுத்தில் நிபந்தனை எழுதிவிட்டால் எழுதியவனின் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பது இன்னொரு கட்டுரைக்கான கேள்வி.

சரி, என்ன செய்யலாம் என்று அவனோடு உட்கார்ந்து பட்டியல் போட்டோம். பாதி விஷயம் சப்பையானது. புது வண்டி மூன்று, நான்காயிரம் மைல் ஓடி இன்ஜின் பழகும்வரை முழு மைலேஜ் வராது, காத்திருக்க வேண்டியதுதான். டயரில் காற்று குறையக் குறையக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பின்தொட்டியின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் காற்று சுலபமாகப் போகும் என்பது பலருடைய நம்பிக்கை, உண்மை நேர்மாறானது. மூடிய தொட்டிக்குள் காற்று சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிக்கொண்டு போகவிடுகிறது. டெக்ஸாஸ் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளிருந்தே ரிமோட்டில் இன்ஜினைப் போட்டுப் பத்து நிமிடம் ஏசி ஓடவிடுவான். அந்தப் பத்து நிமிடமும் மைலேஜ் சரியாகப் பூஜ்யம்.

டயர் விஷயம் மட்டும் சுவாரசியமானது. வாங்கிய வாரமே முரட்டுப் பற்கள் வைத்த பெரிய டயர்களை மாட்டியிருந்தான், பார்க்க கம்பீரமாக இருக்கும் என்று. அவை கனமானவை, உராய்வு அதிகம், அதனால் நிஜமாகவே பெட்ரோல் குடிக்கும். கூடவே, டயரின் சுற்றளவு மூன்று சதவிகிதம் கூடினால் வண்டி 103 மைல் போயிருக்கும்போது மீட்டர் 100 என்றுதான் எண்ணும். ஆக, காணாமல் போன ஐந்து மைலில் ஒரு பகுதி காணாமலே போகவில்லை, எண்ணப்படாமல் இருந்திருக்கிறது! ஒரு தத்துவ ஆசிரியருக்கு இந்த ஒரு டயர் போதும், ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 65-இலிருந்து 78-க்குப் போனால் வேகம் 20 சதவிகிதம் கூடுகிறது, காற்றை எதிர்த்து ஒவ்வொரு மைலுக்கும் செலவிடும் ஆற்றல் 44 சதவிகிதம் கூடுகிறது. இது ஒரு செங்குத்துச் சுவர் மாதிரி முகப்பு கொண்ட வண்டி வேறு. பெல்ட்டில் தொங்கும் மோட்டார், நான்கு சிலிண்டர்களை இடையிடையே தூங்கவைக்கும் நுட்பம், எட்டு கியர் எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடிப்பதை வலது காலின் கட்டைவிரல் நெடுஞ்சாலையில் தின்றுவிடும்.

"அப்போ 65-ல போகச் சொல்றியா? எவ்வளவு லேட் ஆகும் தெரியுமா?"

கணக்குப் போட்டோம். 34 மைலுக்கு ஐந்து நிமிடம் பதினான்கு விநாடி.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டது நியாயமான கேள்வி: "நான் ஒருத்தன் அஞ்சு நிமிஷம் லேட்டா போனா உலகம் மாறிடுமாடா?"

இந்தக் கேள்விக்குத் தத்துவத்தில் ஒரு முகவரி இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட இதே வண்டியோடு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் வால்டர் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங் 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார். 'என் தவறில்லை' என்கிற பொருள் வரும் தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் நன்றாக இருக்கிறது, சும்மா சந்தோஷத்துக்காகப் பெட்ரோல் குடிக்கும் பெரிய வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றப் போகிறேன். நான் தவறு செய்கிறேனா? ஒவ்வொரு அறக் கொள்கையாக எடுத்துச் சோதித்துப் பார்த்து, அந்தப் பயணத்தைச் செய்யக்கூடாது என்ற கடமையை எதனாலும் நிறுவ முடியவில்லை என்கிறார். அந்த ஒரு பயணத்தால் எந்தப் புயலும் வருவதில்லை, யார் வீடும் மூழ்குவதில்லை. செய்யாமலிருப்பது மேல்தான், ஆனால் கடமை அரசாங்கத்துக்கு. தனிமனிதனுடைய கடமை அந்த அரசாங்கத்தைச் செய்யவைப்பதில் இருக்கிறது.

இதற்கு முன்பே, 1984-இல், ஆங்கிலேயத் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் ஒரு கொடூரமான கற்பனையை முன்வைத்திருந்தார். ஆயிரம் கைதிகள், ஆயிரம் சித்திரவதையாளர்கள். ஆளுக்கொரு பொத்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிரம் கைதிகளின் வலியும் துளித்துளி கூடும், எவருக்கும் உணர முடியாத அளவு. ஆயிரம் பேரும் அழுத்திய பின் ஆயிரம் கைதிகளும் துடிக்கிறார்கள். ஒவ்வொரு சித்திரவதையாளனும் கையை விரித்து "நான் அழுத்தியதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லையே" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட.

நான் பார்ஃபிட்டின் பக்கம். ஆனால் சித்திரவதைப் பொத்தானை என் நண்பனின் ஆக்ஸிலரேட்டரோடு அப்படியே ஒட்டவைக்க மனம் வரவில்லை. பொத்தானை அழுத்துவதில் சித்திரவதையாளனுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. இவனுக்கு அலுவலகம் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், அந்த ஊரில் பேருந்து கிடையாது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமலே இருக்க முடியாது. எவ்வளவு ஆழமாக என்பது மட்டுமே அவனிடம் இருக்கிறது.

அந்த 'எவ்வளவு' பெரிதா சிறிதா என்பதில்தான் நம் உள்ளுணர்வு மோசமாகத் தடுமாறுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கேலனுக்கு இத்தனை மைல், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிற அளவு நம்மை ஏமாற்றுகிறது. எப்படியென்று ஒரு கணக்கில் பார்க்கலாம். வாட்ஸாப் குழுவில் யானை ஜோக் அடித்த நண்பன் 40 மைல் கொடுக்கும் காரை மாற்றி 50 மைல் கொடுக்கும் ஹைப்ரிட் வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பத்து மைல் முன்னேற்றம். வருடம் 10,000 மைல் ஓட்டினால் 250 கேலன் ஆகியிருக்க வேண்டியது 200 ஆகும். மிச்சம் 50. பிக்கப்காரன் 15-ஐ 18 ஆக்குகிறான். மூன்றே மூன்று மைல். 667 கேலன் 556 ஆகிறது. மிச்சம் 111. ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 8.9 கிலோ கரியமில வாயு வருகிறது. 111 கேலன் என்றால் ஒரு டன்.

புது கார் எதுவும் வாங்காமல், காலை மட்டும் கொஞ்சம் தூக்கி, மூன்று மைல் ஏற்றியவன், புது கார் வாங்கியவனைவிட இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கிறான். யானை எவ்வளவுக்கெவ்வளவு பெரிதோ, கரும்புக் கணக்கு அவ்வளவுக்கவ்வளவு முக்கியம். பூனை வளர்ப்பவன் கரும்புக்குக் கணக்குப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

இதனால் பிக்கப் வாங்கியது சரி என்று ஆகிவிடாது. 18-க்கு ஏற்றிய பிறகும் அவன் எரிப்பது 556 கேலன், கார்க்காரன் எரிப்பது 200. எவ்வளவு எரிக்கிறாய் என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு உன்னால் எவ்வளவு மாற்ற முடியும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் தோற்றவன் இரண்டாவது கேள்விக்கு வரவே கூடாது என்பதுதான் அந்த ஜோக் சொல்வது. எனக்கு இது சாதி விலக்கு மாதிரிப் படுகிறது. தீட்டுப் பட்டுவிட்டது, இனி நீ குளித்தால் என்ன குளிக்காவிட்டால் என்ன. இப்படி விலக்கப்பட்டவன் என்ன செய்வான்? சிரிப்புக்குப் பயந்து கணக்குப் பார்ப்பதையே விட்டுவிடுவான். "ஆமாடா, யானைதான் வாங்கினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் அழுத்துவான். அமெரிக்கச் சாலைகளில் வேண்டுமென்றே கரும்புகை கக்கவிட்டுப் போகும் டிரக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சிக்கனத்தின் மீது எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் அது வேறு திசையிலிருந்து வருவது. 1865-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரியின் மொத்தச் செலவு கூடத்தான் செய்தது என்று சுட்டிக்காட்டினார். மலிவானதை மனிதன் அதிகம் பயன்படுத்துகிறான். பழைய டயர்களைத் திரும்ப மாட்டி, ரிமோட்டை மறந்து, 66, 67-இல் ஓட்டப் பழகியதும் நண்பனின் மைலேஜ் 18.5-க்கு வந்தது. உடனே போன் செய்தான். "இந்த லீவுக்கு டென்வர் வரைக்கும் ரோட் ட்ரிப் போலாம்னு இருக்கோம்டா. இப்பதான் நல்லா கொடுக்குதே!" போகவர 1,600 மைல். வருடம் 10,000 மைலுக்கு 16-ஐ 18.5 ஆக்கியதில் அவன் மிச்சம் பிடிப்பது 84 கேலன். அந்த ஒரு பயணத்துக்கு ஆவது 86. நான் கணக்கைச் சொல்லவில்லை. கூரையில் பெட்டி கட்டாதே, சாமானைப் பின்தொட்டியிலேயே வை என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் மலையைப் பார்க்கட்டும். மிச்சம் பிடிப்பது எதற்காக என்று கேட்டால் இதற்காகவும்தானே?

அவனுடைய டென்வரைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது தொழிற்சாலைகளின் டென்வர். பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் நிட்டெல் 2011-இல் ஒரு கணக்கு போட்டார். 1980-க்கும் 2006-க்கும் இடையில் இன்ஜின் நுட்பம் எவ்வளவோ முன்னேறியது. வண்டிகளின் எடையும் குதிரைத்திறனும் முறுக்குவிசையும் 1980-இல் இருந்த அளவிலேயே நின்றிருந்தால் அமெரிக்க வண்டிகளின் மைலேஜ் 60 சதவிகிதத்துக்கு அருகில் உயர்ந்திருக்கலாம். நிஜத்தில் உயர்ந்தது 15. மீதி முன்னேற்றம் முழுக்க வண்டியைக் கனமாக்கவும் வேகமாக்கவும் போயிற்று. பொறியாளர்கள் இரவு பகலாகச் சேமித்ததை விற்பனைப் பிரிவு குதிரைகளாக மாற்றி விற்றுவிட்டது.

சட்டமும் இதற்குத் துணை போனது. 1975-இல் மைலேஜ் விதிகள் வந்தபோதே டிரக்குகளுக்குத் தனி அளவுகோல், தளர்ந்த அளவுகோல். பண்ணையிலும் கட்டட வேலையிலும் உழைக்கிற வண்டிதானே என்று. பிறகு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள பரப்பை வைத்து இலக்கை நிர்ணயிக்கும் முறை வந்தது. வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிய இலக்கு. வெளிநாட்டுச் சின்ன பிக்கப்கள் உள்ளே வர முடியாதபடி 1964-இலிருந்தே 25 சதவிகிதம் சுங்கவரி. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக விதித்தது. கோழிச் சண்டை முடிந்து அரை நூற்றாண்டு கடந்தும் வரி நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் பிறந்ததுதான் மைல்ட் ஹைப்ரிட் பிக்கப். வண்டியைச் சிறிதாக்காமல், குதிரைகளைக் குறைக்காமல், தாளில் ஒன்றிரண்டு மைல் ஏற்றுவதற்கான மலிவான வழி. என் நண்பன் கடைக்குள் நுழைவதற்கு முன்பே அவனுடைய முடிவில் பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

மீதிப் பாதி அவனுடையதுதான். சின்ன கார்களும் அதே ஊரில் விற்கின்றன. வருடத்தில் இரண்டு முறை மரப்பலகை ஏற்றுவதற்கு வாடகை வண்டி கிடைக்கிறது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இன்ஜினில் மிச்சம் பிடித்ததைக் குதிரைத்திறனாக மாற்றி விற்க முடிந்தது. காலில் மிச்சம் பிடிப்பதை எவனும் அப்படி மாற்றி விற்க முடியாது. அதனாலேயே அது எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. அதை வளர்க்க யாருக்கும் லாபமில்லை, எந்தச் சோதனையும் அதை அளப்பதில்லை. அதை அளக்க இருப்பது டாஷ்போர்டில் ஒரு சின்ன எண், அதுவும் பயணம் முடிந்ததும் அழிந்துவிடுகிற எண்.

அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்றார் சின்னாட்-ஆம்ஸ்ட்ராங். ஒருமுறை அரசாங்கம் செய்தும் பார்த்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், 1974 ஜனவரியில் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுக்க உச்ச வேகம் மணிக்கு 55 மைல் ஆனது. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டின் வலது கால் ஒரே சட்டத்தில் மேலே தூக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களில் அதை வெறுத்தார்கள், சில இடங்களில் மீறினால் அபராதம் பெயருக்குத்தான் இருந்தது. 1987-இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 ஆக்கினார்கள். 1995-இல் சட்டமே போனது.

ஆஸ்டினுக்குத் தெற்கிலிருந்து செகின் நகரம் வரை போகும் 130-ஆம் எண் மாநிலச் சாலையில் 2012-இல் 85 மைல் பலகை நட்டார்கள். அமெரிக்காவிலேயே அதிகம், நம் கணக்கில் மணிக்கு 137 கிலோமீட்டர். நாற்பது மைலுக்குச் சற்று மேல், நேர்கோடாக, இருபுறமும் புல்வெளி. 85 என்பது உச்சவரம்பு. அங்கே 65-இல் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. நான் போன நாட்களில் வலது தடம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.